நாகப்பட்டினத்தில் ஒரு வாடகை சைக்கிள் நோட்டு

நாகப்பட்டினம் ரயில் நிலையத்துக்கு வெளியே காலையில் அரை மணி நேரம் நின்றேன். சைக்கிள் ஸ்டாண்டின் வேலை முழுக்கக் கண்ணில் பட்டுவிட்டது. ஒரே எண் எழுதிய அட்டை இரண்டு. ஒன்று ஹேண்டில்பாரில் தொங்குகிறது, மற்றது சட்டைப் பைக்குள் போகிறது. திருவாரூர்ப் பக்கம் போகும் வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர்கள் அந்த அட்டையைப் பார்ப்பதுகூட இல்லை. ஸ்டாண்டுக்காரர் ஒவ்வொரு சைக்கிளையும் பின்சக்கரம் தூக்கி, வரிசைக்குள் நெருக்கித் தள்ளுகிறார். மாலையில் அட்டை திரும்பி வரும், சைக்கிள் போகும். இத்தனை வண்டிகள் இங்கே ஒரு நாளில் வந்து போனது எந்தக் கணக்கிலும் ஏறாது. மீந்திருப்பது கல்லாவில் விழுந்த சில்லறை மட்டும்.

உலகத்தில் வேறு சில ஊர்களில் இதே காட்சியின் ஒவ்வொரு அசைவும் கணினியில் ஏறுகிறது. பாரிஸில் 2007-இல், லண்டனிலும் வாஷிங்டனிலும் 2010-இல், நியூயார்க்கில் 2013-இல் என்று பொதுப் பகிர்வு சைக்கிள் திட்டங்கள் பெரிதாகத் தொடங்கின. ஒரு நிலையத்தில் சைக்கிளை எடுத்து இன்னொரு நிலையத்தில் விட்டுவிடலாம். நம் நாட்டில் 2017-இல் மைசூரு ‘டிரின் டிரின்’ என்ற பெயரில் இதைச் செய்துகாட்டியது. கோயம்புத்தூரில் சீன நிறுவனமான ஓஃபோ மஞ்சள் சைக்கிள்களை இறக்கி, 2018-இலேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டது. அடுத்த ஆண்டு சென்னையில் மெட்ரோ நிலையங்களின் அருகே ஸ்மார்ட் பைக் வந்தது. நிலையங்கள் வைத்து நடக்கும் திட்டங்களில் ஒரு பயணம் என்றால் கணினியில் ஒரு வரி. எடுத்த நேரம், விட்ட நேரம், எடுத்த நிலையம், விட்ட நிலையம். சில இடங்களில் உறுப்பினரா வழிப்போக்கரா என்ற குறிப்பும் சைக்கிளின் எண்ணும் உண்டு.

வாஷிங்டனின் அப்படிப்பட்ட இரண்டு ஆண்டுக் கணக்கு என் மடிக்கணினியில் இருக்கிறது. 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளின் வாடகைகளை மணிவாரியாகத் தொகுத்து, வானிலையையும் சேர்த்து, போர்ட்டோ பல்கலைக்கழகத்தின் ஹாதி ஃபனாயியும் ஜோவாவ் காமாவும் 2013-இல் வெளியிட்ட தொகுப்பு அது. தரவு படிக்கப் பழகும் மாணவர்கள் உலகம் முழுக்க அதில்தான் கை வைக்கிறார்கள். மொத்தம் 32,92,679 வாடகைகள். வாரநாளில் காலை 8 மணிக்கு ஒரு மேடு, மாலை 5 மணிக்கு அதைவிட உயரமாக ஒரு மேடு. சனி ஞாயிறுகளில் இரண்டும் மறைந்து நண்பகல் தாண்டி ஒரே அகலமான மேடு. அலுவலகம் போகும் நகரம், விடுமுறையில் சுற்றும் நகரம் இரண்டும் ஒரே படத்தில் தெரிந்துவிடும்.

எத்தனை முறை பார்த்தாலும் அழகான படம்தான். ஆனால் வாஷிங்டன் தெருக்களில் நான் நடந்ததில்லை. அந்த மேடுகளுக்குக் கீழே இருக்கும் மனிதர்கள் எனக்குத் தெரியாதவர்கள். நாட்காட்டியும் வெயிலும் ஆறும் எனக்குப் பழக்கமான ஓர் ஊரில் வைத்து அந்தக் கணக்கைப் படித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் நாகைக்கு வந்தேன். மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற ஜூன் மாதத்து நாள்கள் அவை.

வெளிப்பாளையம் பக்கம் ஒரு பழைய சைக்கிள் கடை. இப்போது பஞ்சர் ஒட்டுவதும் ஓவராயிலும்தான் தொழில். சுவரோரம் வாடகை வண்டிகள் நாலைந்து சாய்ந்து நிற்கின்றன. மட்கார்டில் வெள்ளை பெயிண்டில் எண், செயின்கார்டில் கடைப் பெயர். கடைக்காரப் பெரியவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். வாடகைக்கு விட்ட காலத்து நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

“எதுக்கு தம்பி? வரி கட்டலைன்னு யாராச்சும் சொன்னாங்களா?”

இல்லை ஐயா, படித்துப் பார்க்க என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், பரண் மேலிருந்து நீளவாக்கில் மடிக்கிற கணக்கு நோட்டுகளைக் கட்டாகவே இறக்கினார். கடல் காற்றில் ஓரங்கள் பழுத்துப்போயிருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்துப் போட்ட ஐந்து கட்டங்கள்: வண்டி எண், பெயர், எடுத்தது, விட்டது, காசு.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. நியூயார்க்கின் சிட்டி பைக் மாதாமாதம் வெளியிடும் கோப்பிலும் ஏறத்தாழ இதே கட்டங்கள்தான். உறுப்பினர், வழிப்போக்கர் என்ற பிரிவினைகூட இவரிடம் இருந்தது. தெரிந்த பையனாக இருந்தால் பெயர் மட்டும். முகம் தெரியாதவன் என்றால் இன்னார் மகன், இன்ன தெரு, யார் சொல்லி அனுப்பினார்கள் என்பது வரை. வாஷிங்டன் கணக்கில் நூற்றுக்கு 81 வாடகைகள் பதிவு செய்த உறுப்பினர்களுடையவை. பெரியவரின் நோட்டிலும் வெறும் பெயர் எழுதிய வரிகள்தான் பக்கத்தை நிறைத்திருந்தன.

இல்லாதது ஒன்று உண்டு: இடம். எடுத்ததும் இந்தக் கடை, விட்டதும் இந்தக் கடை. போய் வந்த ஊர் எது என்று நோட்டு சொல்லாது. “எங்க போனான்னு கேக்குறது நம்ம வேலை இல்லை” என்றார் பெரியவர். சற்றுப் பொறுத்து, “வீலைப் பாத்தா தெரிஞ்சிரும். மணல் இருந்தா கடக்கரை. களிமண் அப்பியிருந்தா சிக்கல் பக்கம் வயக்காடு. செயின்ல உப்பு ஏறியிருந்தா அக்கரைப்பேட்டைக்குப் போய் ராத்திரி வெளியில நிறுத்தியிருக்கான்” என்றார்.

பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தபோது தேதிகள் தாவுவதைக் கவனித்தேன். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள், ஐந்து நாள் என்று விட்டுப்போயிருந்தது. மழை நாளில் நோட்டையே எடுப்பதில்லையாம். யாரும் வராத நாளுக்கு எதற்குத் தேதி போட வேண்டும் என்பது அவர் கேள்வி.

வாஷிங்டன் கணினியும் அதையேதான் செய்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் 731 நாள்கள். நாளுக்கு 24 மணி என்றால் 17,544 வரிகள் இருக்க வேண்டும். தொகுப்பில் இருப்பது 17,379. வாடகையே இல்லாத மணிக்கு ‘பூஜ்யம்’ என்று எழுதப்படவில்லை, அந்த வரியே இல்லை. அப்படி 165 மணி நேரம் காணாமல் போயிருக்கிறது. சராசரி போடுகிறவர் இதைக் கவனிக்காவிட்டால் பனி கொட்டிய இரவுகளும் புயல் நாள்களும் கணக்கிலிருந்து நழுவி, ஊர் இருப்பதைவிடச் சுறுசுறுப்பாகத் தெரியும். கோட்டுப் படம் போட்டால் நிலைமை இன்னும் மோசம். மென்பொருள் இந்தப் புள்ளியையும் அந்தப் புள்ளியையும் நேர்கோட்டால் இணைத்துவிடும். நடுவில் ஒன்றுமே நடக்காத நேரம், ஏதோ மெதுவாக நடந்த நேரம்போல ஆகிவிடும். பயணக் கணக்கை எடுத்தவுடன் முதலில் செய்ய வேண்டியது, ஒன்றும் எழுதாத காலிக் கட்டங்களால் முழு நாட்காட்டியையும் போட்டுக்கொள்வது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணியும். அதற்குப் பிறகுதான் வந்த வரிகளை அதில் உட்கார வைக்க வேண்டும். காலியாக நிற்கும் கட்டம் எதனால் காலி என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், காலிகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. வாஷிங்டன் தொகுப்பில் நாளொன்றுக்குச் சராசரி 4,504 வாடகைகள். 2012 அக்டோபர் 29 அன்று 22. சாண்டி புயலுக்காக நிலையங்களையே மூடிவிட்டார்கள். அதற்கு ஆறு வாரம் முன்னால்தான், செப்டம்பர் 15 அன்று, தொகுப்பிலேயே அதிகமான 8,714 பதிவாகியிருந்தது. இந்த 22-ஐ வைத்து, புயலன்று மக்கள் சைக்கிள் விரும்பவில்லை என்று யாராவது எழுதினால் அது பொய். சைக்கிளைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

கஜா புயலைப் பற்றிக் கேட்டேன். 2018 நவம்பர் 16 விடியுமுன் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய புயல். அந்த வாரத்துப் பக்கங்கள் வெற்று. “கூரைத் தகரம் பறந்துருச்சு தம்பி. கரண்டு இல்லை, ஒண்ணும் இல்லை” என்றார். ஊர் மின்சாரத்தையே நம்பிய மின்னணு நிலையம் அப்படிப்பட்ட நாளில் வேலை செய்யாது. சைக்கிள் நன்றாக இருந்தாலும் பூட்டு திறக்காது, திறந்தாலும் வரி பதியாது. அதற்குப் பிறகு அவர் வாடகை நோட்டு எழுதுவது மெல்ல நின்றுபோயிருக்கிறது.

பிறகு அவரே ஒரு கட்டைப் பிரித்து, எனக்கு நேராகத் திருப்பி வைத்தார். 2004-ஆம் ஆண்டில் கடைசியாக எழுதிய பக்கம். டிசம்பர் 25 வரை எழுத்து. அதற்குப் பிறகு கோடு போட்ட கட்டங்கள் மட்டும். பக்கம் பக்கமாக.

டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்ததில் இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் மீனவ ஊர்கள் துடைத்தெடுக்கப்பட்டன. நான் என்ன கேட்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

“வண்டி ஓடாம இல்லை தம்பி. இருந்த அத்தனை வண்டியும் வெளியிலதான் இருந்துச்சு. ஆளைத் தேடிப் போறவன், ஆஸ்பத்திரிக்குப் போறவன், சோத்துப் பொட்டலம் கொண்டு போறவன். யாருகிட்ட நான் பேரு கேட்டு எழுதறது? யாருகிட்ட காசு கேக்கறது?”

அந்த நோட்டிலேயே சைக்கிள்கள் அதிகம் ஓடிய நாள்கள் அவைதான். அவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை. மழையில் யாரும் வராத காலி, கஜாவில் கடையே திறக்காத காலி, சுனாமியில் எழுதக் கை வராத காலி. மூன்றும் கணினியில் ஒரே வெள்ளையாகத்தான் நிற்கும். எந்தச் சூத்திரமும் அவற்றைப் பிரித்துச் சொல்லாது. கடைக்காரரைக் கேட்டால்தான் தெரியும்.

இன்னொரு காலி உண்டு. அது நோட்டில் இடம்கூடப் பிடிக்காதது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் கால் வண்டிக்கும் அரை வண்டிக்கும் வந்து நிற்பார்களாம். எல்லாம் வெளியே போயிருந்தால் திரும்பிப் போவார்கள். எழுதினீர்களா என்றேன். எடுக்காத வண்டிக்கு எதை எழுதுவது என்றார். பகிர்வு சைக்கிள் திட்டங்களில் இன்றுவரை தீராத சிக்கல் இது. ஒரு நிலையத்தில் காலை 8:10-க்கே எல்லா வண்டியும் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். 8:10-இலிருந்து 9 மணி வரை அங்கே புறப்பாடு பூஜ்யம். படத்தில் அது ஆளரவமற்ற இடமாகத் தெரியும். உண்மையில் அதுதான் ஊரிலேயே தேவை மிகுந்த இடமாக இருக்கலாம். அந்தப் படத்தை நம்பி அடுத்த மாதம் அங்கிருந்து வண்டியைக் குறைத்தால், ஏற்கெனவே வெறுங்கையோடு திரும்புகிறவர்களின் எண்ணிக்கை கூடும். பயண வரிகளோடு நிலையத்தில் அந்தந்த நிமிடம் எத்தனை வண்டி நின்றது என்ற கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே இது பிடிபடும். வண்டி இருந்தும் எடுக்காத நேரம் வேறு, வண்டியே இல்லாத நேரம் வேறு.

கிளம்பும்போது பெரியவரிடம் ஒன்று கேட்டேன். சில வரிகளில் எடுத்ததும் விட்டதும் ஒரே நேரமாக இருக்கிறதே, காசும் இல்லையே? “எடுத்த வேகத்துல திரும்பி வந்தா பெடல் கட்டை லூசு, இல்லன்னா பிரேக் பிடிக்கலைன்னு அர்த்தம். சாயங்காலம் அந்த வண்டிய மட்டும் தனியா எடுத்துப் பாப்பேன்.” நியூயார்க்கில் 60 வினாடிக்கும் குறைவான பயணங்களைப் பொதுக் கோப்பிலிருந்து நீக்கிவிட்டுத்தான் வெளியிடுகிறார்கள். எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தவை, பூட்டு சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தவை அவை. பயணக் கணக்குக்கு அது நியாயம்தான். ஆனால் எந்தச் சைக்கிள் பழுது என்று சொல்வதும் அதே வரிகள்தான். ஒரே எண்ணுள்ள வண்டி ஒரே நிலையத்தில் அடுத்தடுத்து எடுக்கப்பட்டு உடனே விடப்பட்டால், அதை ஓட்டிப் பார்க்க மெக்கானிக் தேவையில்லை. 2021-இல் நியூயார்க் கோப்பின் அமைப்பை மாற்றியபோது சைக்கிள் எண்ணையும் எடுத்துவிட்டார்கள். அது ஒரு பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். முன்பு ஒரு சைக்கிள் ஓர் இடத்தில் விடப்பட்டு, அடுத்த பயணம் வேறோர் இடத்தில் தொடங்கினால், இடையில் லாரி ஏற்றிப் போயிருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். நிலையங்களைச் சமன் செய்ய நடக்கும் அந்த உழைப்பு இப்போது படத்தில் இல்லை.

மறுநாள் விடியுமுன் அக்கரைப்பேட்டை துறைமுகத்துக்கு அந்தக் கடை வண்டியிலேயே போனேன். கடுவையாற்றின் இக்கரையில் நின்று பார்த்தால் படகுகளின் கொடி எண்ணலாம்போல இருக்கிறது. போய்ச் சேரப் பாலம் சுற்ற வேண்டும். பயணக் கோப்புகளில் பாதை இருப்பதில்லை, இரு முனைகள் மட்டுமே. ஆகவே வரைகிறவர்கள் இரண்டு நிலையங்களையும் நேர்கோட்டால் இணைத்து, அதையே தூரம் என்று வைத்து வேகம் கணக்கிடுகிறார்கள். கட்டம் போட்டதுபோல் தெருக்கள் அமைந்த நகரத்தில் அது ஓரளவு ஒத்துவரும். காவிரி கடலில் கலக்குமுன் விரல் விரலாகப் பிரியும் இந்த மண்ணில் ஒத்துவராது. நாகூருக்கு வெட்டாறு, இங்கே கடுவையாறு, வேளாங்கண்ணிக்கு வெள்ளையாறு, நடுவில் பெயர் தெரியாத வாய்க்கால்கள். நேர்கோட்டில் கூப்பிடு தூரமாக இருப்பவனை, வரைபடம் சோம்பேறி ஓட்டுநர் என்று சொல்லிவிடும். பாலங்கள் வழியாகச் சாலைத் தூரத்தை எடுத்துக்கொண்ட பிறகே இங்கே வேகம் பற்றிப் பேசலாம்.

துறைமுகத்தில் விசைப்படகுகள் கரையோரம் அடுக்கி நின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. சில படகுகளுக்குப் பெயிண்ட் ஏறிக்கொண்டிருந்தது. வலையைத் தரையில் பரப்பிக் கோத்துக்கொண்டிருந்தார்கள். ஃபைபர் படகுகள் மட்டும் கரைக்கு வந்து சேர, மீன் கொஞ்சமாக இறங்கியது. சைக்கிள் கேரியரில் பெட்டி கட்டிய வியாபாரிகள் சிலர் காத்திருந்தார்கள். தடை முடிந்தபின் இங்கே நிற்க இடம் இருக்காது என்றார் ஒருவர். “அப்ப வந்து பாருங்கண்ணே, மூணு மணிக்கே லைட்டைப் போட்டு ஏலம் விடுவாங்க.”

இங்கே ஒரு பகிர்வு நிலையம் இருந்தால் அதன் மணிவாரிப் படத்தில் காலை எட்டு மணி மேடு இருக்காது. மேடு விடியுமுன் எழும். பிறகு வெயிலேற ஏறச் சரியும். இரண்டு மாதம் அது கிட்டத்தட்டப் படுத்துவிடும். மே மாதத்துச் சரிவை வெயில் என்று சொல்ல வெப்பநிலைக் கட்டம் தயாராக இருக்கும். கணினி உடனே அதற்கும் இதற்கும் உறவு கண்டுபிடித்துவிடும். வாஷிங்டன் தொகுப்பில் வெப்பநிலை, ஈரப்பதம், காற்று வேகம், விடுமுறையா வேலைநாளா என்றெல்லாம் கட்டங்கள் உண்டு. அக்கரைப்பேட்டைக்குத் தேவைப்படும் முதல் கட்டம் ‘தடைக்காலமா’ என்பதுதான். அதை எந்த வானிலை நிலையமும் தராது. வானிலைக் கட்டமே இருந்தாலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வாஷிங்டன் தொகுப்பில் மிக மோசமான வானிலை என்று குறிக்கப்பட்ட மணிகள் மொத்தமே மூன்று. மூன்று வரிகளுக்கு ஒரு பட்டை வரைந்து, கொட்டும் மழையில் இத்தனை பேர் ஓட்டினார்கள் என்று மற்ற பட்டைகளுக்குச் சமமாக நிறுத்தியிருக்கும் படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

திரும்பும் வழியில் பள்ளிச் சீருடைப் பெண்கள் வரிசையாகச் சைக்கிளில் எதிரே வந்தார்கள். அரசு கொடுத்த விலையில்லாச் சைக்கிள்கள். பகிர்வு நிலையம், செயலி, கடன் அட்டை எதுவும் இல்லாமல் தமிழ்நாட்டில் நடந்த மிகப் பெரிய சைக்கிள் விநியோகம் அது. புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. கல் குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிகளும் ஒரு லட்சத்துக்கு மேல் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி அதற்குப் பிறகு தண்ணீருக்கும் சந்தைக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் போன தூரம் எங்கேயும் பதிவாகவில்லை. பகிர்வுத் தரவை வைத்து ‘இந்த நகரத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள்’ என்று தலைப்பிடுகிறவர்கள் உண்மையில் வரைவது, அந்தத் திட்டத்தில் சேர முடிந்தவர்களை மட்டும். சொந்த வண்டிக்காரர்கள் அதற்கு வெளியே. இந்த டெல்டாவில் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் அவர்களே.

அடுத்து நாகூருக்குப் போனேன்; நாகையிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். தர்கா மினாராக்கள் தெரியத் தொடங்கியதும் கடைகள் நெருங்குகின்றன. அலங்கார வாசலுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தவரிடம், கந்தூரி விழா சமயத்தில் நாகையிலிருந்து வரும் கூட்டத்தைப் பற்றிக் கேட்டேன். சந்தனக்கூடு ஊர்வலம் நாகப்பட்டினத்தில் கிளம்பி இரவெல்லாம் நடந்து இங்கே வரும். “அன்னிக்கு ராத்திரி ரோட்டுல சைக்கிளும் வராது, காரும் வராது. எல்லாம் நடைதான் பாய்” என்று என்னையும் பாய் ஆக்கிக்கொண்டார்.

தேதி எப்போது என்றேன். பிறை பார்த்துத்தான் என்றார். ஜமாதுல் ஆகிர் மாதப் பிறையில் கொடியேறி 14 நாள் விழா. சந்திர ஆண்டு 354 நாள் என்பதால் ஆங்கில நாட்காட்டியில் கந்தூரி ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்கிறது. போன டிசம்பரையும் இந்த டிசம்பரையும் ஒப்பிடுவது பயணத் தரவு அறிக்கைகளில் வழக்கம். இத்தனை சதவீதம் கூடியது, இத்தனை குறைந்தது என்பார்கள். நாகூரில் அப்படிச் செய்தால், விழா ஒரு மாதத்திலிருந்து அடுத்ததற்கு நழுவிய ஆண்டில் ஒரு மாதம் இடிந்து விழுந்ததாகவும் மற்றது பூத்ததாகவும் தெரியும். இரண்டும் ஊரில் நடக்கவில்லை. நிலவு நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. நாளைப் பிறைக் கணக்கில் எண்ணி, கொடியேற்றத்தை முதல் நாளாக வைத்து ஆண்டுகளை ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினால் 14 நாள் வடிவம் தெளிவாக மேலெழும்.

வேளாங்கண்ணி இதற்கு நேர் எதிர். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. கல்லில் வெட்டிய தேதிகள். 2010-இல் ரயில் வந்த பிறகும் சாலையில் காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள் குறையவில்லை. நான் போனது சாதாரண நாள். கடற்கரை வரை கடைகள், சிப்பி மாலைகள், மெழுகுவர்த்தி. அந்தப் பதினோரு நாள்களை நினைத்துப் பார்த்தேன். ஆண்டுச் சராசரி என்ற ஒற்றை எண் இங்கே ஒன்றையும் சொல்லாது. திருவிழா அதை இழுத்துத் தூக்கிவிடும்; சாதாரண நாளும் அந்த எண்ணில் இல்லை, திருவிழா நாளும் இல்லை. நடு எண்ணை (மீடியன்) எடுத்துக்கொண்டு, திருவிழாவைத் தனிப் படமாக வரைய வேண்டும். பயண நேரத்துக்கும் அதே முறைதான். பெரும்பாலான பயணங்கள் பத்து இருபது நிமிடத்தில் முடியும்; பூட்ட மறந்த ஒரு சைக்கிள் இரண்டு நாள் ‘பயணம்’ செய்ததாகப் பதிவாகும். சராசரி அந்த ஒற்றை மறதிக்கு வளைந்து கொடுக்கும், நடு எண் கொடுக்காது.

இரவு அறையில் உட்கார்ந்து, பெரியவர் அனுமதியோடு படமெடுத்து வைத்திருந்த பக்கங்களைக் கணினியில் ஏற்றத் தொடங்கினேன். கிடையாக 24 மணி, நெடுக்காக நாள்கள். வாடகை அதிகமானால் நிறம் அடர்த்தி. வாஷிங்டனை அப்படி வரைந்தால் காலை எட்டிலும் மாலை ஐந்திலும் இரண்டு பட்டைகள் மேலிருந்து கீழாக ஓடும், வார இறுதிகளில் அறுந்து அறுந்து. இங்கே காலைப் பட்டை இல்லை. வேலைக்குப் போகிறவர் சொந்த வண்டியில் போயிருக்கிறார். வாடகைக்கு எடுத்தவர்கள் பள்ளி விட்ட பிறகு வந்த பிள்ளைகளும், வெளியூரிலிருந்து வந்து நாகூருக்கோ வேளாங்கண்ணிக்கோ போனவர்களும். மாலையும் ஞாயிறும் அடர்ந்திருந்தன.

நிறம் தேர்ந்தெடுப்பதில் ஒன்று கவனமாகச் செய்தேன். குறைந்த வாடகைக்கு மிக வெளிர் நீலம். காலிக்கு வெள்ளை இல்லை, மூன்று தனிக் குறிகள்: யாரும் வராத நாளுக்குப் புள்ளி, கடை மூடிய நாளுக்குக் குறுக்குக் கோடு, ஓடியும் எழுதாத நாளுக்குக் கறுப்பு விளிம்பு. 2004 டிசம்பர் 26-இலிருந்து தொடங்கும் வரிசை கறுப்பு விளிம்போடு திரையில் நீண்டது.

பெயர்க் கட்டத்தை ஏற்றவில்லை. 2014-இல் லண்டன் சைக்கிள் தரவு ஒரு தொகுதியில் பயனர் எண்ணும் சேர்ந்து வெளியாகிவிட, தனி ஆள்கள் எங்கிருந்து எங்கே போய் வந்தார்கள் என்று யாரும் தொடர்ந்து பார்க்க முடிந்தது. அவ்வளவு பெரிய நகரத்திலேயே அது நடந்தது. நாகையில் பெயர் கூடத் தேவையில்லை. இன்ன தெரு, விடியற்காலை மூன்று மணி, இன்ன வண்டி என்றால் அந்தத் தெருவே ஆளைச் சொல்லிவிடும். ஆகவே தெருவைப் பேட்டை அளவுக்குச் சுருக்கினேன், நிமிடத்தை மணிக்கு முழுதாக்கினேன். அந்த அளவுக்கு மேல் துல்லியம் வேண்டும் என்று யாராவது கேட்டால் அவர் எதற்குக் கேட்கிறார் என்று முதலில் தெரிய வேண்டும்.

இப்போது மீதமிருப்பது காலிக் கட்டங்களுக்குக் காரணம் எழுதும் வேலை. கஜா வாரத்திலிருந்து பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறேன். தேதியைச் சொல்லிக் கேட்டால் பெரியவருக்கு நினைவு வருவதில்லை. அன்று கந்தூரியா, தடைக்காலமா, பள்ளி விடுமுறையா, ஆற்றில் தண்ணீர் வந்த வாரமா என்று கேட்டால் உடனே சொல்கிறார். அதனால் அந்த நான்கையும் நான்கு கட்டங்களாக, நேரத்துக்கும் வண்டி எண்ணுக்கும் முன்னாலேயே சேர்த்துவிட்டேன்.